அறுபத்து மூவர் உற்சவம்

வாடா பேராண்டி, உக்காரு. ரேடியோ ரிசீவருக்குள்ள சிக்னலை அதிர்வெண் வாரியாப் பிரிக்கற எஃப்எஃப்டி கணக்குக்கு, பட்டர்ஃபிளைன்னு நீ சொல்ற கணக்குக் கட்டை 64-ஐ வரிசையா அடுக்கி, எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஓட விடப் போறியாமே? யார் சொன்னான்னு கேக்காதே. திண்ணையில உக்காந்து காதுல ஒரு குமிழை மாட்டிக்கிட்டு நீ மீட்டிங் பேசுற சத்தத்துல, எதிர்வீட்டு எருமைகூட இப்ப பைப்லைன்னு சொன்னா திரும்பிப் பாக்குது. நான் எட்டாங்கிளாஸைத் தாண்டாத கிழவன், எனக்கு என்ன தெரியப்போகுது? ஆனா நீ டீ குடிக்கப் போகையில போட்டுட்டுப் போற பேப்பரை எல்லாம் ஒரு எழுத்து விடாம படிச்சிருக்கேன். எனக்குப் பொழுது நிறைய. உனக்குத்தான் இல்ல. 64 பேரை மேய்க்கணுமே!

சரி, 64 எதுக்குன்னு என்னைக்காவது உன்னையே கேட்டுக்கிட்டியா? நாலு பேரு கேட்டா பெருசாத் தெரியணும்னு வச்சதா, இல்ல கணக்குப் போட்டு வச்சதா? எங்க, இப்ப போடு. நீ செய்யறது எல்டிஇ. அலைவரிசை அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். அதுக்கு 2048 புள்ளி எஃப்எஃப்டி. ஒரு சிம்பல்ல நமக்கு வேண்டிய பாகம் 66.7 மைக்ரோசெகண்ட். அதுக்குள்ள ஒரு எஃப்எஃப்டி முடிஞ்சாகணும். 2048 புள்ளின்னா ஸ்டேஜ் 11. ஸ்டேஜுக்கு 1024 பட்டர்ஃபிளை. மொத்தம் 11,264. உன் எஃப்பிஜிஏ சிப்போட க்ளாக் 200 மெகாஹெர்ட்ஸ்னு நீயே சொன்னே. க்ளாக்குக்கு ஒண்ணுன்னு ஒரே ஒரு பட்டர்ஃபிளை நிதானமா செஞ்சுக்கிட்டுப் போனாலும் 56.3 மைக்ரோசெகண்டுல வேலை முடிஞ்சிருது. முடிச்சுட்டு வெத்தலை போடவும் நேரம் இருக்கு.

அப்ப மீதி 63 பேரு என்ன பண்ணுவாங்க? அறுபத்து மூவர் உற்சவம் நடத்தலாம். சப்பரம் தூக்கற கரண்டு மட்டும் உன் கணக்கு.

என்ன முனகுறே? ஆன்டெனா நாலு இருக்கா? சரி, நாலு பேரை வை. 5ஜி வந்தா என்ன பண்றதுங்கிறியா? வரட்டுமே. 100 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு 4096 புள்ளி, சிம்பலுக்கு 33.3 மைக்ரோசெகண்ட். 24,576 பட்டர்ஃபிளை. நாலு பேரு பிரிச்சு செஞ்சா 30.7 மைக்ரோசெகண்ட். ஆன்டெனாவுக்கு நாலு, ஆக 16. உன் 64-க்கு இன்னும் சோலி வரல. ஆளைக் கூட்டுறதுக்கு முன்னாடி வேலையை அளக்கணும்டா. அளக்காமக் கூட்டுறது எலெக்‌ஷன் மீட்டிங்குக்குத்தான் சரி.

உன்னையும் முழுசா குத்தம் சொல்ல முடியாது. பெருக்கல்தான் கஷ்டம், பெருக்கறவனைக் கூட்டினா எல்லாம் வேகமாயிரும்னு உனக்கு யாரோ சொல்லிக்குடுத்திருக்கான். ஒரு காலத்துல அது உண்மைதான். இந்தக் கணக்கு பிறந்த கதையே பெருக்கலுக்குப் பயந்த கதை.

ஃபூரியேன்னு பிரெஞ்சுக்காரர். வெப்பம் எப்படிப் பரவுதுன்னு 1807-ல பாரிசுல ஒரு கட்டுரை குடுத்தார். எப்பேர்ப்பட்ட வளைவையும் சைன் அலைகளோட கூட்டலா எழுதிறலாம்னார். லக்ராஞ்சுன்னு அங்க பெரிய தலை. அவர் ஒத்துக்கல. புத்தகமா வெளிவர 1822 ஆச்சு. பெரியவர் தலையாட்டலைன்னு ஃபூரியே கணக்கை மாத்திக்கல. நான் தலையாட்டலைன்னு நீயும் மாத்திக்க வேண்டாம். ஆனா லக்ராஞ்சுகிட்ட இல்லாத ஒண்ணு என்கிட்ட இருக்கு. இந்த வீட்டு கரண்டு பில்லு.

ஃபூரியே கணக்கை அப்படியே நேராச் செஞ்சா 1024 புள்ளிக்கு 10,48,576 பெருக்கல். ஜெர்மனியில காஸ், 1805 வாக்குலயே இதுக்குக் குறுக்கு வழி கண்டுபிடிச்சுட்டார். பல்லாஸ்னு ஒரு சின்னக் கோளோட பாதையைக் கணக்குப் போடறதுக்காக 12 புள்ளியைச் சின்னச் சின்னக் கூட்டமாப் பிரிச்சு, தனித்தனியா முடிச்சு, அப்புறம் கோத்தார். லத்தீன்ல எழுதிப் பெட்டியில வச்சுட்டார். அச்சுல வந்தது 1866-ல, அவர் போய்ச் சேர்ந்த பிறகு. அதுக்கப்புறமும் யாரும் சரியாக் கவனிக்கல. ஃபூரியே கட்டுரை குடுக்கறதுக்கு முன்னாடியே அதை வேகமாப் போடற வழி ஒருத்தர் பெட்டியில தூங்கிக்கிட்டு இருந்துச்சு பாரு. எழுதினா மட்டும் போதாது, நாலு பேருக்குப் புரியற மாதிரி எழுதணும். உன் கோடுல ஒரு கமெண்டுகூட இல்லையாம், அதுவும் மீட்டிங்ல கேட்டுச்சு.

பிறகு அமெரிக்காவுல கென்னடி காலம். ரஷ்யாக்காரன் பூமிக்கடியில அணுகுண்டு வெடிக்கறானான்னு, வெளியில இருந்தே பூமி அதிர்வை வச்சுக் கண்டுபிடிக்கணும். அதிர்வை அலசறதுக்கு ஃபூரியே கணக்கு வேணும், கம்ப்யூட்டருக்கோ மூச்சு முட்டுது. ஜனாதிபதியோட அறிவியல் ஆலோசகர் கூட்டத்துல ஜான் டூக்கி காகிதத்துல ஏதோ கிறுக்கிக்கிட்டு இருக்கறதை ரிச்சர்டு கார்வின் எட்டிப் பாத்தார். கார்வின் ஐபிஎம் ஆளு. விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்டு ஐபிஎம்ல ஜேம்ஸ் கூலின்னு ஒருத்தர்கிட்ட புரோகிராம் எழுதச் சொன்னார். எதுக்குன்னு கேட்டதுக்கு, ஹீலியம்-3 படிகத்துல ஏதோ சுழற்சி பாக்கணும்னு சொல்லிட்டார். அணுகுண்டுன்னு மூச்சு விடல. புதுசா வந்தவன், கையில முக்கியமான வேலை இல்லாதவன்னுதான் தன்கிட்ட தந்தாங்கன்னு கூலியே பின்னாடி சொல்லியிருக்கார். சும்மா இருக்கற ஆளு, ஒரு பொய், ஒரு காகிதக் கிறுக்கல். 1965-ல கூலி, டூக்கி கட்டுரை வந்துச்சு. பத்து லட்சத்துச் சொச்சம் பெருக்கல் 5,120 பட்டர்ஃபிளையாச் சுருங்கிப் போச்சு. 200 மடங்குக்கும் மேல மிச்சம்.

இங்கதான் நீ கோட்டை விட்டே. மிச்சம் பிடிச்சதுக்கு விலை எங்க குடுத்தாங்கன்னு பாத்தியா? சும்மா வருமா? பெருக்கல் குறைஞ்சுச்சு, அலைச்சல் கூடிப்போச்சு. 1024 எண்ணை வரிசையா வச்சிருக்கே. முதல் ஸ்டேஜுல ஒவ்வொரு எண்ணும் 512 இடம் தள்ளி இருக்கறதோட ஜோடி சேரணும். அடுத்ததுல 256 இடம் தள்ளி. அப்புறம் 128. இப்படியே பத்தாவது ஸ்டேஜுலதான் பக்கத்து எண்ணோட சேரும். நேராச் செஞ்சப்ப ஒரு எண் வந்துச்சு, பெருக்குனோம், கூட்டுனோம், விட்டோம். இப்ப எந்த எண் எப்ப எங்க நிக்கணும்ங்கிறதுதான் பெரிய பாடு. பட்டர்ஃபிளைங்கிறது என்ன? ஒரு பெருக்கல், ஒரு கூட்டல், ஒரு கழித்தல். இன்னைக்கு எஃப்பிஜிஏல பெருக்கல் கட்டை ஆயிரக்கணக்குல ரெடியாக் கிடக்கு. அது ஒரு பெரிய விஷயமே இல்ல.

மார்ஷல் பீஸ்னு ஒருத்தர் 1968-லயே இதை யோசிச்சார். ஸ்டேஜுக்கு ஸ்டேஜு தூரம் மாறுறதுதானே தொல்லை, எல்லா ஸ்டேஜுக்கும் ஒரே மாதிரி கம்பி போட முடியுமான்னு பாத்தார். முடிஞ்சுச்சு. ஒரே வரிசைப் பட்டர்ஃபிளையை வச்சு, வெளிய வந்ததை அதே கம்பி வழியாத் திருப்பி உள்ள விட்டா வேலை நடக்கும். கட்டறவனுக்கு லேசு. ஆனா அந்த ஒரே மாதிரிக் கம்பி பெரும்பாலும் நீளக் கம்பி. அலைச்சலை ஒழுங்குபடுத்தலாம்டா, ஒழிக்க முடியாது.

அதனாலதான் கெட்டிக்காரங்க ஆளை எண்ணறதை விட்டுட்டு, எண்ணு எப்படி வந்து சேருதுன்னு பாத்தாங்க. உன் ஆன்டெனாவுல இருந்து சாம்பிள் எப்படி வருது? கூட்டமாவா? ஒண்ணு பின்னாடி ஒண்ணாத்தானே வருது? அப்ப அது வர்ற வேகத்துலயே வேலையை முடிச்சு அனுப்பிக்கிட்டே இருந்தா என்ன? அதுதான் பைப்லைன். ஸ்டேஜுக்கு ஒரு பட்டர்ஃபிளை, 1024 புள்ளிக்குப் பத்தே பேரு.

முதல் ஸ்டேஜை மட்டும் கிட்டப் போய்ப் பாரு. அங்க 512 இடம் உள்ள ஒரு க்யூ இருக்கு. முதல்ல வர்ற 512 சாம்பிளும் பேசாம அதுல போய் நிக்கும். 513-வது வந்ததும், க்யூவோட தலையில நிக்கற ஒண்ணாவது வெளிய வரும். ரெண்டையும் கூட்டினது நேரா அடுத்த ஸ்டேஜுக்குப் போயிரும். கழிச்சது, க்யூவுல இப்பத்தான் காலியான இடத்துல போய் உக்காந்துக்கும். இப்படி 512 ஜோடியும் முடிஞ்சா கூட்டல் எல்லாம் முன்னாடி போயிருக்கும், கழித்தல் எல்லாம் க்யூவுல நிக்கும். அடுத்த கட்டுச் சாம்பிள் உள்ள வர வர, க்யூவுல நின்ன கழித்தல் ஒவ்வொண்ணா வெளிய போகும். ஒரு இடம்கூட ஒரு க்ளாக்கும் சும்மா கிடக்காது. அடுத்த ஸ்டேஜுக்கு 256 இடம், அதுக்கடுத்து 128, கடைசிக்கு ஒண்ணு. எல்லாம் கூட்டினா 1,023. 1024 புள்ளிக்கு 1,023 இடம்! இதுக்கு மேல சிக்கனம் உங்க ஆச்சிகிட்டகூட கிடையாது.

ஆனா பட்டர்ஃபிளை பாதி நேரம் சும்மாதான் நிக்கும். க்யூ நிறையற வரைக்கும் அதுக்கு வேலை இல்ல. பரவாயில்ல, பத்துப் பேருல பாதி சும்மா நிக்கறதும் உன் 63 பேரு சும்மா நிக்கறதும் ஒண்ணாகுமா? அந்தப் பெருக்கல் கட்டையையும் குறைக்கறதுக்கு ஸ்வீடன்ல லுண்டு பல்கலைக்கழகத்துல ஹேன்னு ஒருத்தரும் டொர்கெல்சன்னு ஒருத்தரும் 1996-ல ஒரு வழி சொன்னாங்க. சில இடத்துல பெருக்க வேண்டிய எண் வெறும் மைனஸ் ஜெ. அதுக்குப் பெருக்கவே வேண்டாம். மெய்ப்பகுதியையும் கற்பனைப்பகுதியையும் இடம் மாத்தி, ஒண்ணோட குறியைத் திருப்பினாப் போதும். இந்தச் சும்மாப் பெருக்கல் எல்லாம் ஒண்ணு விட்டு ஒரு ஸ்டேஜுல வந்து விழற மாதிரி கணக்கைத் திருப்பி எழுதிட்டாங்க. 1024 புள்ளிக்கு எட்டு பெருக்கி தேவைப்பட்ட இடத்துல நாலு போதும்னு ஆச்சு. ரெண்டு பேரும் புதுசா ஒரு ஆளையும் சேர்க்கல. இருக்கறதுல பாதியை வீட்டுக்கு அனுப்பிப் பேர் வாங்கிட்டாங்க.

நான் கூட்டத்துக்கே எதிரின்னு நெனைக்காதே. பக்கத்துல பக்கத்துல ஆள் வைக்க வேண்டிய இடமும் இருக்கு. அல்ட்ரா வைட்பேண்டுன்னு ஒண்ணு வந்துச்சே, அதுல விநாடிக்கு 52.8 கோடி சாம்பிள். க்ளாக் அந்த வேகத்துக்கு ஓடாட்டி என்ன பண்ணுவே? நாலு சாம்பிளை ஒரே நேரத்துல உள்ள விட்டு, க்ளாக்கை 132 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்குவே. அங்க நாலு பாதை வேணும், நாலு பாதைக்கும் ஆளு வேணும். வர்ற வேகம் கேக்குது, நீ வைக்கறே. அது நியாயம்.

அதே நியாயத்தை மறந்து, 1024 புள்ளிக்கும் 5,120 பட்டர்ஃபிளையை ஒரே மூச்சுல பரப்பி வச்சா என்ன ஆகும்? க்ளாக்குக்கு ஒரு முழு எஃப்எஃப்டி வெளிய வரும், உண்மைதான். ஆனா க்ளாக்குக்கு 1024 எண்ணு உள்ளேயும் போகணுமே? எண்ணுக்கு 16 பிட்டு மெய், 16 பிட்டு கற்பனை. 32,768 பிட்டு, ஒவ்வொரு க்ளாக்குக்கும். 200 மெகாஹெர்ட்ஸுக்கு விநாடிக்கு 6.5 லட்சம் கோடி பிட்டு. உன் சிப்புக்கு எந்த வாய் வழியா ஊட்டுவே?

இப்ப மெமரி பேங்க் விஷயத்துக்கு வா. ஒரே பட்டர்ஃபிளையை வச்சாக்கூட அது க்ளாக்குக்கு ரெண்டு எண்ணைப் படிக்கணும், ரெண்டை எழுதணும். ஒரு பேங்க் க்ளாக்குக்கு ஒண்ணு படிக்கக் குடுக்கும், ஒண்ணு எழுத விடும். ஆக ரெண்டு பேங்க் வேணும். எந்த எண் எந்த பேங்க்ல? மேல் பாதியை ஒண்ணுலயும் கீழ் பாதியை இன்னொண்ணுலயும் வைப்பேன்னு நீ எழுதி வச்சிருந்தே, பாத்தேன். எட்டுப் புள்ளிக்குச் செஞ்சு பாரு. முதல் ஸ்டேஜுல 0-வும் 4-ம் ஜோடி, ஆளுக்கு ஒரு பேங்க், சரி. ரெண்டாவது ஸ்டேஜுல 0-வும் 2-ம் ஜோடி. ரெண்டும் ஒரே பேங்க்ல. முட்டிக்கிட்டு நிக்கும். ஒத்தை, இரட்டைன்னு பிரிச்சாலும் இன்னொரு ஸ்டேஜுல முட்டும்.

நம்ம ஊருல கல்யாணம் எப்படிப் பேசறோம்? பங்காளிக்குள்ள சம்பந்தம் கிடையாது. மாமன் மச்சான் வகையறாவுலதான் பொண்ணு எடுக்கணும். யாரு பங்காளின்னு ஒரு தடவை சரியாப் பிரிச்சு வச்சுட்டா அப்புறம் எந்தத் தலைமுறையிலயும் குழப்பம் வராது. எண்ணுக்கும் அதே ஏற்பாடுதான். ஒவ்வொரு எண்ணோட முகவரியையும் பைனரியில எழுது. அதுல எத்தனை ஒண்ணு இருக்குன்னு எண்ணு. இரட்டைப்படையா ஒண்ணு இருக்கற 0, 3, 5, 6 ஒரு வகையறா. ஒத்தைப்படையா இருக்கற 1, 2, 4, 7 இன்னொரு வகையறா. இப்ப ஜோடி சேர்த்துப் பாரு. முதல் ஸ்டேஜுல 0-4, 1-5, 2-6, 3-7. ரெண்டாவதுல 0-2, 1-3, 4-6, 5-7. மூணாவதுல 0-1, 2-3, 4-5, 6-7. பன்னிரண்டு கல்யாணத்துல ஒண்ணாவது பங்காளிக்குள்ள நடந்துச்சா? நடக்காது. ஏன்னா எந்த ஸ்டேஜுலயும் ஜோடி சேர்ற ரெண்டு முகவரிக்கும் சரியா ஒரே ஒரு பிட்டுதான் வித்தியாசம். ஒரு பிட்டு மாறினா ஒத்தை இரட்டையாகும், இரட்டை ஒத்தையாகும். உன் 2048 புள்ளிக்கு முகவரி 11 பிட்டு. பத்து எக்ஸ்ஆர் கேட்டு போதும், ஜாதகம் பாத்து முடிஞ்சது. ரெண்டுக்கு மேல பேங்க் வேணும்னாலும் வழி இருக்கு. ஜான்சன்னு ஒருத்தர் 1992-ல எந்த ரேடிக்ஸுக்கும், அதாவது எத்தனை எத்தனையாச் சேர்த்தாலும், முட்டாம வைக்கறதை எழுதியிருக்கார். உன் 64-க்கு 128 பேங்க் ஆகுமேடா, அதுக்கு நடுவுல எல்லாத்தையும் எல்லாத்தோடயும் இணைக்கற கிராஸ்பாரை யாரு கட்டுவா?

"கட்டினா என்ன, சிப்புல இடம் இருக்கே"ங்கிறே. இடம் இருக்கும், எவ்வளவு கேக்கும்னு தெரியுமா? கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல கிளார்க் தாம்சன்னு ஒருத்தர் 1979-ல உனக்காகவே எழுதி வச்ச மாதிரி ஒண்ணு எழுதினார். சிப்பை நடுவுல கத்தியால ரெண்டா வெட்டினதா நெனச்சுக்கோ. ஃபூரியே கணக்குல ஒவ்வொரு விடைக்கும் எல்லா எண்ணும் தேவை. ஆக இந்தப் பாதியில இருக்கற செய்தி எல்லாம் வெட்டைத் தாண்டி அந்தப் பாதிக்குப் போயாகணும். வெட்டைத் தாண்டற கம்பி எத்தனை இருக்க முடியும்? சிப்போட அகலம் எவ்வளவோ அவ்வளவுதான். அதை விரிச்சு எழுதினா, பரப்பையும் நேரத்தோட வர்க்கத்தையும் பெருக்கி வர்றது ஒரு அளவுக்குக் கீழ இறங்கவே இறங்காது. அந்தக் கோட்டுல நிக்கற சிப்புல நேரத்தைப் பாதியாக்கணும்னா பரப்பு நாலு மடங்கு கேக்கும். எந்தக் கெட்டிக்காரன் எந்த மாதிரி அடுக்கினாலும் இதுல இருந்து தப்ப முடியாது. பெருக்கியைப் பத்தி அதுல ஒரு பேச்சும் இல்ல பாத்தியா? கம்பிதான் பேச்சு.

மெமரிப் பக்கம் போனா இன்னும் மோசம். ஹாங்கும் குங்கும் 1981-ல ஒரு கணக்குப் போட்டாங்க. பிறகு குங் அதையே வச்சு ஒரு கேள்வி கேட்டார். வெளிய இருந்து எண்ணு வர்ற வேகம் மாறாம, உள்ள கணக்குப் போடற வேகத்தை மட்டும் ரெண்டு மடங்காக்கினா, ஆளு சும்மா நிக்காம இருக்க உள்மெமரி எவ்வளவு கூடணும்? மேட்ரிக்ஸ் பெருக்கலுக்கு நாலு மடங்கு. எஃப்எஃப்டிக்கு மடங்கு கணக்கே இல்ல, இருந்த அளவை அதாலேயே பெருக்கணும். 1,024 இடம் போதும்னு இருந்தவன் ஏறக்குறைய 10,48,576 இடம் தேடணும். இரட்டிப்பு ஆளுக்கு இந்தக் கதி. உனக்கு 64 மடங்கு. காகிதத்துல எழுதிப் பாரு, காகிதம் பத்தாது.

கரண்டையும் பாத்துருவோம். 2014-ல மார்க் ஹோரோவிட்ஸ் ஒரு மாநாட்டுல 45 நானோமீட்டர் சிப்புக்கு ஒரு பட்டியல் காட்டினார். 32 பிட்டு மிதவைப் புள்ளிப் பெருக்கல் ஒண்ணுக்கு 3.7 பிக்கோஜூல். சிப்புக்கு வெளிய இருக்கற டிராம் மெமரிக்குப் போய் ஒரு தடவை எண்ணு எடுத்துட்டு வர 1,300-ல இருந்து 2,600 பிக்கோஜூல். போயிட்டு வர்ற செலவு, வேலை செய்யற செலவைப் போல 350 மடங்குக்கும் மேல. நீ கூலியைக் குறைக்கறேன்னு நிக்கறே, பஸ் சார்ஜு உன்னை முழுங்கிருச்சு.

பெரிய பெரிய இடத்துலயும் இதே பாடுதான். புனேக்கு வடக்கே நாராயண்காவ் பக்கத்துல கோடாட்னு ஊரு. அங்க 45 மீட்டர் விட்டத்துல 30 ரேடியோ ஆன்டெனா இருக்கு. 14 நடுவுல கூட்டமா, 16 மூணு கையா விரிஞ்சு. கோவிந்த் ஸ்வரூப் கட்டினது, ஜிஎம்ஆர்டின்னு பேரு. ஒவ்வொரு ஆன்டெனாவோட சிக்னலுக்கும் முதல்ல ஃபூரியே போட்டு அதிர்வெண் வாரியாப் பிரிக்கணும். பிறகு ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் 30 ஆன்டெனாவையும் ரெண்டு ரெண்டா ஜோடி சேர்த்துப் பெருக்கணும், 435 ஜோடி. இப்ப எஃப்பிஜிஏவும் ஜிபியுவுமா அதைச் செய்யறாங்க. ஆன்டெனா வாரியா வர்ற எண்ணை எல்லா ஆன்டெனாவும் ஒரே இடத்துல சேர்ற மாதிரி திருப்பி அடுக்கணுமே, அதுக்குப் பேரு கார்னர் டர்ன். அதுல ஒரு பெருக்கலும் கிடையாது, ஒரு கூட்டலும் கிடையாது. வெறும் இடமாத்தம். இந்த மாதிரிக் கருவி கட்டறவன் ராத்திரி தூக்கம் கெட்டு எழுந்தா அதை நெனச்சுத்தான் எழுவான்.

ஒரே ஒரு பெரிய எஃப்எஃப்டின்னாலும் அதுதான் கதை. மெமரியில அடங்காத நீளம் வந்தா அதைச் சதுரமா அடுக்கி, நெடுக்க ஒரு சின்ன எஃப்எஃப்டி, நடுவுல ஒரு பெருக்கல், திருப்பிப் போட்டு குறுக்க ஒரு சின்ன எஃப்எஃப்டி. டேவிட் பெய்லி 1990-ல இதை நல்லா விளக்கி எழுதியிருக்கார். திருப்பிப் போடற வேலை எத்தனைன்னு எண்ணினாலே பாதி நேரக்கணக்கு வந்துரும். இப்ப சிலபேரு ஜிபியுவுல இருக்கற மேட்ரிக்ஸ் கட்டையில எஃப்எஃப்டியை ஓட்டறாங்க. குறுக்கு வழியைக் கொஞ்சம் விட்டுட்டு, வேணும்னே அதிகமாப் பெருக்கறாங்க. ஏன்? பெருக்கல் சும்மா கிடைக்குது, எண்ணைத் தூக்கிட்டு அலையறதுதான் கட்டுபடியாகல. பெருக்கலுக்குப் பயந்து 1805-ல ஆரம்பிச்ச கதை எங்க வந்து நிக்குது பாத்தியா? நீ மட்டும் இன்னும் 1965-ல நிக்கறே, அதுவும் 64 பேரோட.

சின்ன விஷயம் ரெண்டு பாக்கி. ஒண்ணு, விடை வர்ற வரிசை. நேர் வரிசையில போட்டா விடை தலைகீழ் பிட்டு வரிசையில வரும். எட்டுப் புள்ளிக்கு 0, 4, 2, 6, 1, 5, 3, 7. அதைச் சரி பண்ண 2048 இடத்துக்கு ஒரு தனி மெமரி வச்சிருக்கே. உன் ஃபில்டர் பக்கம், எஃப்எஃப்டி போட்டு, பெருக்கி, திரும்ப இன்வெர்ஸ் எஃப்எஃப்டி போடறியே, அங்க எதுக்குடா வரிசை? தலைகீழாவே வரட்டும், தலைகீழாவே பெருக்கு. தலைகீழ் வரிசையை வாங்கி நேர் வரிசையில குடுக்கற இன்வெர்ஸை எழுது. அந்த மெமரி மொத்தமும் மிச்சம்.

ரெண்டாவது, பிட்டு வீக்கம். ஸ்டேஜுக்கு ஒரு பிட்டுன்னு எண்ணு பெருத்துக்கிட்டே போகும். 16 பிட்டுல உள்ள போனது 11 ஸ்டேஜு தாண்டி 27 பிட்டுல நிக்கும். முதல்லயே 27 பிட்டு மெமரி வச்சா வெட்டிச் செலவு. ஒவ்வொரு ஸ்டேஜுலயும் கண்ணை மூடிக்கிட்டுப் பாதியாக்கினா சின்ன சிக்னல் செத்துப்போகும். மொத்தக் கூட்டத்துலயும் பெருசு எதுன்னு பாத்து, வேணுங்கிறப்ப மட்டும் எல்லாத்தையும் சேர்த்து இறக்கி, எத்தனை தடவை இறக்கினோம்னு ஒரு மூலையில குறிச்சு வை. இதைச் செய்யாம 64 பேரை வச்சா, 64 பேரும் சேர்ந்து தப்பான விடையை ரொம்ப வேகமாக் குடுப்பாங்க.

சரி, எந்திரி. நாளைக்கு மீட்டிங்ல போய், "60 பட்டர்ஃபிளையைத் தூக்கிட்டேன்"னு உளறிடாதே. தூக்கினேன்னு சொன்னா, அப்ப இத்தனை நாளா எதுக்கு வச்சிருந்தேன்னு திரும்பக் கேப்பாங்க. கரண்டை மிச்சம் பிடிச்சேன், சிப்புல இடம் காலி பண்ணினேன்னு சொல்லு. கையும் தட்டுவாங்க. காலியான இடத்துல என்ன வைக்கலாம்னு எவனாவது கேட்டா, மெமரின்னு சொல்லு. ஏன்னு கேட்டா குங் பேரைச் சொல்லு. பேரைச் சொல்லிட்டா மீட்டிங்ல மறு கேள்வி வராது, ஏன்னா அங்க யாரும் அதைப் படிச்சிருக்க மாட்டாங்க. ஆனா நீ படிச்சு வை. பத்து மீட்டிங்ல ஒரு மீட்டிங்குக்கு, படிச்சவன் ஒருத்தன் வந்து மூலையில உக்காருவான்.